கொத்ருபாஷைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ருமேனியாவின் கலாட்ஸ் நகரில் 1939இல் பிறந்த ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகி இலியானா கொத்ருபாஷை, கார்லோஸ் கிளைபர் இசைக்குழுவை நடத்திய, வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ ஆபரா ஒலிப்பதிவிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். முதல் அங்கத்தின் உச்சஸ்தாயி வாணவேடிக்கை பிறகு ஆகட்டும். என் ரசனைக்கு அது அவருடைய பலமே அல்ல. நேராக மூன்றாம் அங்கத்துக்குப் போய்விடுங்கள். கதாநாயகி வயலெட்டா சாகக் கிடக்கிறாள். வந்த கடிதத்தைப் பாடாமல், பேச்சாகவே வாசிக்கிறாள். அதையடுத்து வரும் விடைபெறும் பாடலை ஹெட்போனில் கேளுங்கள். மூச்சு எங்கே மெலிகிறது என்று கவனியுங்கள். உரத்த குரலே நல்ல குரல் என்பவர்களை அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது புச்சினியின் ‘லா போயம்’ ஆபராவின் நாயகி மிமி. 1975இல் மிலானின் லா ஸ்காலா ஆபரா அரங்கில் பாடகி மிரெல்லா ஃப்ரேனி பாட முடியாமல் போக, கொத்ருபாஷ் இங்கிலாந்திலிருந்து அவசரமாகப் பறந்துவந்து பாடிய வேடம். மூன்றாவதாக மொஸார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஆபராவில் வரும் சூசன்னா.