குன்னூர் டிக்கெட் கவுன்டர்: ஆங்கில வகுப்புக்கு ஒரு குட்டி நாடகம்

ஆங்கில வகுப்பில் நாடகம் என்றதும் ஆண்டு விழா, வேஷம், மனப்பாட வசனம் என்று போய்விட வேண்டாம். 45 நிமிட பீரியடும் கொஞ்சம் துண்டுச்சீட்டும் போதும். ஏழாம் வகுப்பு, 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

காட்சி, குன்னூர் ரயில் நிலையம். மலை ரயிலில் மேட்டுப்பாளையம் இறங்க ஒரு பயணி கவுன்டருக்கு வருகிறார்.

சீட்டுகளை முந்தின நாளே எழுதிவிடுங்கள். பயணிக்கு 20: "பாட்டியும் நானும். இரவு மேட்டுப்பாளையத்தில் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும்." கவுன்டருக்கு 20: புறப்படும் நேரம், டிக்கெட் விலை, மீதி இருக்கைகள். எல்லாம் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் அடுத்தடுத்த பெஞ்சுகளில் விவரம் வேறுபட வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவே கூடாது. பார்த்துவிட்டால் கேட்க என்ன இருக்கிறது? ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் 10 நிமிடம் மூன்றே கேள்விகள்: "வென் டஸ் த ட்ரெயின் லீவ்?", "ஹவ் மச் இஸ் எ டிக்கெட்?", "கேன் வி கெட் டூ சீட்ஸ்?" முதல் கேள்வியில் 'டஸ்' கட்டாயம் விட்டுப்போகும், தமிழில் கேள்வி கேட்க அப்படி ஒன்று தேவையே இல்லையே. 'வென் டஸ்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள்.

அடுத்து நீங்களே கவுன்டரில் உட்கார்ந்து ஒரு மாணவரோடு நடித்துக் காட்டுங்கள். பிறகு 20 ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசட்டும். ஜோடி ஜோடியாக முன்னால் அழைத்தால் 38 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தமிழிலோ, நீலகிரியின் படுகு மொழியிலோ நழுவுகிறார்களா? அபராதம் வேண்டாம். கவுன்டர்காரர் வெளியூர்க்காரர், இரண்டும் தெரியாதவர். "சாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்பார். கூச்சப்படும் பிள்ளைக்கு முதலில் கவுன்டரைக் கொடுங்கள், பதில் சீட்டிலேயே இருக்கிறது.

5 நிமிடம் கழித்து ஜோடிக்குள் சீட்டை மாற்றிக்கொண்டு, புதுப் பயணிகள் அடுத்த பெஞ்சுக்கு நகரட்டும். பேச்சு சூடு பிடித்ததும் அறிவியுங்கள்: "கல்லாறு பாதையில் மண்சரிவு, ரயில் ரத்து!" ஐப்பசி மழையில் இங்கே நடக்கிற சங்கதிதான். இனி பழகிய கேள்வி உதவாது. பஸ் உண்டா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று சொந்தமாகக் கேட்டாக வேண்டும். தப்பும் தவறுமாகத்தான் வரும், வரட்டும்.

நடுவில் புகுந்து திருத்தினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். குறித்துக்கொண்டு, கடைசி 10 நிமிடத்தில் நான்கு தவறுகளை மட்டும் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும்.

தகரக் கூரைமேல் மழை கொட்டிக் காது கேட்காவிட்டால், கேள்வியையும் பதிலையும் காகிதத்தில் எழுதி நீட்டட்டும். 'டஸ்' விட்டுப்போனதா என்று அதில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.