ஹைட்ராக்ஸியூரியா உட்கொள்வோரும் அவர்கள் வீட்டாரும் கவனிக்க வேண்டியவை

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் தன்மை இருப்பது 1952-லேயே மருத்துவ இதழில் பதிவானது. இன்று கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் நோயால் அவதிப்படுகிறவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் முக்கியமான மருந்து ஹைட்ராக்ஸியூரியா. கருவில் இருந்தபோது உடலில் ஓடிய வகை ஹீமோகுளோபினை இது மீண்டும் கூட்டுவதால், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைவது குறைந்து, எலும்பைப் பிசையும் வலி வருவதும் குறைகிறது. முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்; "ஒன்றும் கேட்கவில்லை" என்று இடையில் நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் இதே மருந்து, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை அடக்கவும் செய்யும். வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைவது வெளியே தெரியாது. நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே அளவு இறங்கியிருக்கலாம். ஆகவே ரத்தப் பரிசோதனையையும் மருந்தின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், மருந்தின் அளவு நிலைப்பட்டபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனை தேவைப்படும். தட்டணுக்கள் 80,000-க்குக் கீழே போனால் வழக்கமாக மருந்தை நிறுத்திவைத்து, எண்ணிக்கை தேறியபின் மருத்துவரே மறுபடி தொடங்குவார். ஒவ்வொரு முடிவையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது உதவும்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள் தோன்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் 108-ஐ அழையுங்கள். வாய்ப்புண்ணையும், காலில் ஆறாத புண்ணையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகத்தில் கருங்கோடு விழுவதும் முடி சற்று மெலிவதும் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. அதற்குப் பயந்து மருந்தை விட்ட இளம்பெண்களுக்கு வலி திரும்பிவருவதுதான் வருத்தத்துக்குரியது.

இம்மருந்து கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்பதால் ஆணானாலும் பெண்ணானாலும் கருத்தடை முறையைப் பற்றி மருத்துவரிடம் கூச்சமின்றிப் பேச வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றே தெரிவிக்க வேண்டும். கேப்ஸ்யூலை உடைத்துப் பொடியைக் கஞ்சியில் கலக்காதீர்கள். எடுத்துக்கொடுப்பவர் கையுறை அணிந்து, பின்பு கையைக் கழுவட்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். பொடி சிந்தினால் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஒரு வேளை மருந்து தவறியதென்று மறுவேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

குளிரும் நீர்க்குறைவும் வலியைத் தூண்டுபவை. மலையில் தாகம் தெரியாது என்பதால், கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். பனிமாதங்களில் கம்பளி அவசியம். தென்மேற்குப் பருவமழையில் மண்சரிந்து பாதை அடைபடும் ஊர்களில் இருப்போர், மே மாத இறுதிக்குள் பரிசோதனையை முடித்து, அடுத்த பரிசோதனைவரை போதுமான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். தீர்ந்துபோனால் அதே மருந்து சாப்பிடும் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்க வேண்டாம்; அவர்களுடைய அளவு அவர்களுடைய எடைக்கும் ரத்தத்துக்கும் ஏற்ப எழுதப்பட்டது.