கணக்குத் தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2006-ல் திருடு போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் நாடு திரும்பினார். அவர் எந்த ஊர்க்காரர் என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திருட்டுக்கு முன்பே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த படம்.

படம் இருந்ததால் சிலை மீண்டது. அதே படம் திருட்டுக்கு முன்பே ஊர்ப் பெயரோடும், "பூசை நின்று பூட்டிக் கிடக்கும் கோயில்" என்ற குறிப்போடும் ஆயிரம் பேர் கைப்பேசியில் சுற்றியிருந்தால், திருடனுக்கு வேலை மிச்சமாகியிருக்கும். ஊர் வரலாற்றுக் குழு, சிறு அருங்காட்சியகம், சுவடி நூலகம், கோயில் அறக்கட்டளை என எதுவாக இருந்தாலும், சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று விவாதித்து ஒரு கூட்டத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் பயன் தருகிற விவரம் எது, ஆபத்தைக் கொண்டுவருகிற விவரம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறாகத்தான் இருக்கும். பிரிக்க முடிந்தால் பிரித்துப் பதிவிடலாம். முடியாவிட்டால் வெளியிடாமல் உங்கள் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு தாள், ஏழு கட்டம்

முகநூலா இன்ஸ்டாகிராமா என்பது பிறகு. முதலில் உங்களிடம் என்னென்ன வகைப் பொருள் இருக்கிறது என்று எழுதுங்கள். சிலை, நடுகல், ஓலைச்சுவடி, பழைய புகைப்படம், திருவிழா, வாய்மொழிப் பேட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஏழு கட்டம்: யாருக்குப் பயன், எந்த விவரத்தால் பயன், எந்த விவரத்தால் ஆபத்து, நடக்கும் வாய்ப்பு, நடந்தால் பாதிப்பு, யாருடைய அனுமதி வேண்டும், முடிவு. முடிவெடுத்தவர் பெயரும் தேதியும் கடைசிக் கட்டத்திலேயே இருக்கட்டும். "யார் போடச் சொன்னது?" என்ற சண்டை அங்கேயே அடங்கும்.

வாய்ப்புக்கும் பாதிப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துப் பிழைக்கு யாராவது கிண்டல் செய்வது அடிக்கடி நடக்கும், பாதிப்பு சொற்பம்: 5 × 1 = 5. சிலை திருடு போவது அரிது, போனால் போனதுதான்: 1 × 5 = 5. இரண்டும் ஒரே எண். ஆகவே ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப்பு 5 என்று விழுந்தால், அதாவது நடந்தபின் சரிசெய்ய முடியாதது என்றால், பெருக்கவே கூடாது. அந்த விவரத்தை எடுத்துவிட்ட பிறகுதான் மறுபடி மதிப்பெண்.

சிலை: எடுக்கும் படம் வேறு, போடும் படம் வேறு

படம் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தப்பு. படமில்லாத சிலை காணாமல் போனால் புகார் எழுதக்கூட வழியில்லை. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி, அளவுகோல் வைத்து ஒரு படம். பிறகு தேய்மானம், உடைசல், ஒட்டுப்போட்ட இடம், பீடத்து எழுத்து ஆகியவற்றை நெருக்கத்தில். உயரம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில், எடை தனியாக. ஒரே வார்ப்பு மரபில் வந்த இரண்டு சோமாஸ்கந்தர்களைப் பிரித்துக் காட்டுவது அழகான முன்பக்கப் படம் அல்ல. பிரபையில் (சிலையைச் சுற்றிய சுடர் வளையத்தில்) உடைந்த ஒரு சுடரும் பீடத்து விளிம்பின் கீறலும்தான்.

பொதுவெளிக்குப் போவது இவற்றில் ஒன்றே ஒன்று: முன்பக்கப் படம், நீளப் பக்கம் 1200 பிக்சலுக்குள். அடையாளக் கீறல்களைக் காட்டாதீர்கள். அவை உங்கள் சாட்சி. போலி வார்ப்பவனுக்குப் பாடமாகிவிடக் கூடாது. எடையையும் எழுதாதீர்கள். கோயிலிலிருந்து சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றப்பட்ட சிலை என்றால் எந்த மையம் என்று சொல்லத் தேவையில்லை. இரவுக் காவலர் இல்லாத கோயில், பூட்டு மாற்றப்படாத கோயில் என்றால் அந்த ஊர்ச் சிலையைப் பற்றி இப்போதைக்கு எதுவுமே வேண்டாம்.

கருவறைப் பக்கம் கைப்பேசியோடு போவதற்கு முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. தனியார் ஒருவர் "எங்க வீட்டுச் சிலையையும் போடுங்க" என்று வந்தால் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களைப் பதிவு செய்ய வேண்டும். சான்று இல்லாத சிலைக்கு உங்கள் பக்கம் விளம்பரப் பலகை ஆகிவிடும்.

நடுகல்லும் தாழியும்: இடம்தான் விஷம்

நடுகல்லைப் பற்றி எழுதினால் மறுவாரமே யாராவது அதன் அடியில் குழி தோண்டியிருப்பார்கள். கல்லுக்குக் கீழே புதையல் என்ற நம்பிக்கை லேசில் போகாது. முதுமக்கள் தாழிக்கும் இதே கதிதான்.

இடத்தை மறைப்பது என்றால் ஊர்ப் பெயரை நீக்குவது மட்டுமல்ல. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் குறிப்பு உட்கார்ந்திருக்கும். பெரிய தளங்கள் பதிவேற்றும்போது பொதுவாக அதை நீக்கிவிடும். ஆனால் வாட்ஸாப்பில் 'ஆவணம்' என்று அனுப்பினாலோ, உங்கள் இணையதளத்தில் அப்படியே ஏற்றினாலோ குறிப்பு கூடவே போகும். படமெடுக்கும் முன் கேமராச் செயலியில் இடக்குறிப்பை அணைத்துவிடுவது எளிது. அடுத்து, படத்தின் பின்புலம். மின்கம்பத்து எண், மைல் கல், ரேஷன் கடைப் பலகை, தூரத்து மலையின் விளிம்பு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அந்த வட்டாரத்துக்காரன் பத்தே நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிடுவான். கல்லை ஒட்டி வெட்டிய படமாகப் போடுங்கள்.

படக்குறிப்பு எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு மாதிரி:

"3000 ஆண்டுப் பழமையான தமிழன் கல்வெட்டு! ஏரிக்கரை ஆலமரத்துக்கு வடக்கே கேட்பாரற்றுக் கிடக்கும் அவலம்! பகிருங்கள்!"

காலம் கைக்கு வந்தபடி, இடம் துல்லியமாக, காவல் இல்லை என்ற அறிவிப்பு இலவசம். அதையே இப்படி எழுதலாம்:

"நடுகல். வலக்கையில் வாள், இடக்கையில் வில். மேலே ஐந்து வரி வட்டெழுத்து. படித்துக்கொண்டிருக்கிறோம், காலத்தைப் படித்து முடித்தபின் சொல்கிறோம். தருமபுரி மாவட்டம். வருவாய்த் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவித்தாயிற்று. பதிவெண் 41."

பகிர்வு குறையும். குறையட்டும். எழுத்தறிந்த ஒருவர் "மூன்றாவது வரியில் அது 'தொறு' என்று இருக்கும், ஆநிரை மீட்டவன் கல்லாக இருக்கலாம்" என்று வந்து சொல்வதற்கு இந்தக் குறிப்பு போதும். அந்தப் பயன் எழுத்து தெளிவாகத் தெரியும் படத்தால் வருகிறது, ஆலமரத்தால் அல்ல.

எழுத்து தெரிவதற்காகக் கல்லில் சுண்ணத்தூளோ மைதா மாவோ தேய்த்து எடுத்த படத்தைப் போடவே போடாதீர்கள். பார்க்கிறவர்கள் அப்படியே செய்வார்கள். மாலை நாலரை மணிக்குச் சாய்வெயிலில், அல்லது இருட்டியபின் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும். இதைச் செய்து காட்டும் அரை நிமிட வீடியோ உண்மையிலேயே பகிரத் தகுந்தது. மைப்படி (கல்லில் தாளை ஒட்டி, தாளின் மேல் மையொற்றி எழுத்தைப் படியெடுப்பது) எடுக்கும் வீடியோவை மட்டும் யோசித்துப் போடுங்கள். பயிற்சியில்லாதவர் மையை நேராகக் கல்லிலேயே பூசிவிடுவார்.

"எங்க வயல்ல இது கிடைச்சது" என்று படத்தோடு செய்தி வந்தால், ஆர்வத்தில் உடனே பகிராதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்வதுதான் உங்கள் முதல் பதில்.

சுவடி, புகைப்படம், திருவிழா

ஓலைச்சுவடியில் திருட்டைவிட அதன் வயதை மிகைப்படுத்துவது பெரிய தொல்லை. நம் வெப்பத்திலும் பூச்சியிலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. அதனால்தான் படியெடுத்துப் படியெடுத்துக் காத்தார்கள். நூலின் காலம் வேறு, கையிலிருக்கும் ஏட்டின் காலம் வேறு என்று ஒவ்வொரு குறிப்பிலும் பிரித்து எழுதுங்கள். மருத்துவச் சுவடி என்றால் மருந்தளவு தெரியும் ஏட்டைக் காட்ட வேண்டாம். பாதரசமும் பாடாணம் என்னும் நச்சுப்பொருளும் வரும் செய்முறையை வீட்டில் முயன்று பார்க்கிறவர்கள் உண்டு.

பழைய புகைப்படத்தில் உரிமைச் சிக்கல். படத்தைக் கொடுத்த பேத்தியிடம் இருப்பது காகிதம். பதிப்புரிமை ஸ்டூடியோக்காரரிடம் இருக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் காப்பு உண்டு. ஒரு பக்க ஒப்புதல் தாளில் மூன்று கேள்வி போதும்: காப்பகத்தில் வைக்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் சொல்லலாமா. மூன்றுக்கும் தனித்தனியே கையெழுத்து. பள்ளிப் பிள்ளைகள் அருங்காட்சியகம் வந்த படம் என்றால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் முகம் தெரியக் கூடாது. வண்ணமேற்றிய, செயற்கை நுண்ணறிவால் 'தெளிவாக்கிய' படத்தைப் போட்டால் அதைப் படத்தின் மீதே எழுதுங்கள். படக்குறிப்பு முதல் பகிர்விலேயே உதிர்ந்துவிடும்.

இந்த ஆபத்துகளுக்கு எதிர்த்தட்டில் வைக்க நல்ல எடையும் இருக்கிறது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் ஃபிளிக்கர் தளத்தில் பழைய படங்களைப் போட்டபோது, பார்த்தவர்களே ஆட்களையும் இடங்களையும் அடையாளம் சொன்னார்கள், நூலகம் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றியது. நம் ஊர்ப் பெரியவர்களும் அதைச் செய்வார்கள். அவர்கள் சொல்வதை அன்றைக்கே தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். பின்னூட்டம் நாளைக்கு இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

திருவிழா நேரலையில் நகை, கூட்டம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. அதிகம் பேர் யோசிக்காதது மண்டகப்படி, அதாவது விழாவில் சாமிக்குச் செய்யும் உபசாரமும் அதில் யாருக்கு மரியாதை என்பதும். "இன்னாருக்குத்தான் முதல் மரியாதை, காலங்காலமாக" என்று ஓர் ஆர்வக்கோளாறில் எழுதிய வரி, வழக்கில் ஆவணமாக வந்து நிற்கும். பரிவட்டம் கட்டும் காட்சியைக் காட்டலாம். உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நாகசுரத்தை நீங்களே பதிவு செய்திருந்தாலும் யூடியூப் அதை ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் பாட்டு என்று பிடிக்கக்கூடும். பதிவு செய்த தேதியும் கலைஞரின் ஒப்புதலும் இருந்தால் மறுப்பு அனுப்பலாம்.

வாடகை வீடு

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதில் மட்டும் வீடியோ வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போயிற்று. யாகூ நிறுவனம் தன் 'யாகூ குழுக்கள்' தளத்தில் இருந்தவற்றை அழித்தபோது பழைய உரையாடல்கள் பல அப்படியே மறைந்தன. தளம் உங்கள் காப்பகம் அல்ல. மூலப் படம் இரண்டு வன்தட்டில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். முகநூலின் 'தகவலைப் பதிவிறக்கு' வசதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

தளம் உங்கள் பொருளைப் புரிந்துகொள்ளும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள வில்லண்டார்ஃப் தாய்ச்சிலையின் (கற்கால நிர்வாணப் பெண் உருவம்) படத்தையே முகநூல் ஆபாசம் என்று தடுத்தது. 2018-ல் அது பெரிய செய்தியானது. நம் கோயில் தூண்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். ஒரே நாளில் பத்து சிற்பப் படம் ஏற்றிக் கணக்கை முடக்கிக்கொள்ளாதீர்கள்.

கணக்கு பறிபோவது பெரும்பாலும் சாவி ஒருவரிடமே இருப்பதால். பக்கத்துக்கு முழு அதிகாரமுள்ளவர் இரண்டு பேர், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு அலுவலக அலமாரியில் வையுங்கள். ஓடிபி வரும் சிம் அமைப்பின் பெயரில் இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் கடவுச்சொல்லை மாற்றும் வழியும் கூடவே போகும். "பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்" என்று இணைப்போடு வரும் செய்தியை அழுத்தாதீர்கள். உண்மையான அறிவிப்பு கணக்கின் அமைப்புப் பகுதிக்குள்ளேயே தெரியும்.

உள்பெட்டியில் "இது விலைக்குக் கிடைக்குமா" என்று ஒருவர் கேட்டால் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். தொல்பொருள் விற்பனையை முகநூல் 2020 ஜூனில் தடை செய்திருக்கிறது. புகார் பொத்தானையும் அழுத்தலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்த பிறகு. அழிந்தபின் ஆதாரம் கிடைக்காது.

தவறான பதிவு போய்விட்டால், நீக்கினால் தீர்ந்தது என்று இருக்காதீர்கள். முதல் தொலைபேசி கோயில் பொறுப்பாளருக்கு, பூட்டைப் பார்க்கச் சொல்லி. அதன்பின் நீக்கம், அதன்பின் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற குறிப்பு.

நேரக் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். சரிபார்த்து, வெட்டி, குறிப்பெழுதி, இரண்டாம் ஆள் படித்து வெளியாக ஒரு பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்; பின்னூட்டம் பார்க்க நாளுக்கு இருபது நிமிடம். மூன்று மாதம் கழித்து விருப்பக்குறிகளை விட்டுவிட்டு நான்கு எண்களை மட்டும் பாருங்கள்: புதிதாக அடையாளம் கண்டவை, கொடையாக வந்த சுவடியும் படமும், ஆய்வாளர் விசாரணை, நேரில் வந்தவர்கள். நான்கும் பூச்சியத்தில் நின்றால் வாரம் இரண்டு பதிவை மாதம் ஒன்றாகக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தில் இன்னும் படமெடுக்காத பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.