நாரி நோவோடு திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து இறங்கி, "நாரி பிடிச்சுப்போட்டுது", அதாவது கீழ்முதுகு இறுகி நோகிறது, என்று ஒருதரம் வாய்விட்டால் போதும். சித்தி ஒரு எண்ணெய் சொல்லுவா. பக்கத்து வீட்டு அண்ணை, "ஒரு ஆள் இருக்கிறார், ஒரே இழுவை, எல்லாம் இடத்துக்கு வந்திடும்" என்பார். ஓட்டோக்காரத் தம்பிக்கும் யாரோ ஒருவரைத் தெரிந்திருக்கும். எல்லாம் அன்பிலே சொல்வதுதான். ஆனால் சொல்லப்படுகிற அந்த ஆள் யார், என்ன படித்தவர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கழுத்து, நாரி, தோள்மூட்டு, முழங்கால் என்று ஏதோ ஒரு நோவோடு வருகிறவர்கள், மென்மையாகக் கைவைத்துச் செய்யும் பிசியோதெரபியை இங்கே எப்படித் தேடலாம், எங்கே விலகி நிற்கவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் யாரிடமும் ஓடவேண்டாம். விமானத்தில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் மடிந்து கிடந்துவிட்டு, கட்டுநாயக்காவிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வான் வண்டியில் இன்னும் ஐந்தாறு மணித்தியாலம் வந்த உடம்பு அது. பாதை நல்ல பாதைதான். ஆனால் நாரிக்குக் குண்டுகுழியைவிட அசையாமல் இருப்பதுதான் பகை. வானை இரண்டு இடத்திலாவது நிறுத்தச் சொல்லி இறங்கி நடவுங்கள். சாரதி அவசரப்பட்டால் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். இரவு ரயில் ஓடுகிற காலமென்றால் அதுவும் நல்லது, எழும்பி நடக்கலாம். வந்து சேர்ந்த பிறகு காலையில் டச்சுக்குடாக் கரையோரம் கொஞ்சத் தூரம் நடந்தாலே பாதிப் பிடிப்பு தளர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி, சூடாகி, சிவந்து நொந்தால், ஆழத்தில் உள்ள நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் இது வரலாம். அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவ விடக்கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. மூச்சு முட்டல், நெஞ்சு நோ சேர்ந்து வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உள்ளூர் சிம் போட்டதும் அந்த இலக்கத்தைப் பதிந்து வையுங்கள்.

இனி, யாரிடம் போவது?

திருகோணமலையில் உடம்பில் கைவைக்கிறவர்கள் மூன்று வகை. மூன்றையும் சனம் ஒரே வாயால் 'மசாஜ்' என்று சொல்லிவிடும். அங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

முதலாவது பிசியோதெரபிஸ்ட். கொழும்பு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவராக, அல்லது கொழும்புத் தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் படித்தவராக இருப்பார். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கவேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை; நல்லவர் கேட்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் வேலை செய்வது தனியார் நிலையம் என்றால், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த நிலையமும் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். சான்றிதழை வழக்கமாகச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

இரண்டாவது சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கிறது. ஆகவே இந்த ஊரில் படித்த சித்த வைத்தியரைத் தேடுவது கடினமில்லை. தொக்கணம் (உடம்பை உருவுதல்), ஒற்றடம், பற்று (மருந்து அரைத்துப் பூசுதல்) என்று அவர்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. இவர்களுக்குப் பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில்; 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது அது. பரம்பரையாகச் செய்யும் முறிவு நெரிவு வைத்தியர்களும் உண்டு. அவர்களிலும் பதிவுள்ளவர், பதிவில்லாதவர் என்று இரண்டு சாதி. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் வீங்கிய மணிக்கட்டை இழுக்கிறவரிடம் என் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டேன்.

மூன்றாவது உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் பக்கத்து ஸ்பா. களைப்புத் தீர நல்லது. வைத்தியம் அல்ல. கால்வழியே கீழே விறைப்பு இறங்குகிறவர் அங்கே போய்ப் படுக்க வேண்டாம்.

மென்மையான கை என்றால்

வெளிநாட்டில் நீங்கள் பார்த்துப் பழகிய முறைதான் இங்கும், பெயர்கள்கூட அவையே. அவுஸ்திரேலியரான மெயிற்லண்ட் வகுத்த முறையில், மூட்டை அசைப்பதற்குப் படிநிலைகள் இருக்கின்றன. முதல் இரண்டு படியில் மூட்டு இறுகி எதிர்க்கும் எல்லைக்கே போவதில்லை; மெல்ல, தாளத்தோடு அசைப்பார்கள். நோ அதிகமாக இருக்கும்போது செய்வது இதுதான். மூன்றாம் நான்காம் படிகள் இறுக்கத்துக்கு. 'சடக்' என்று சத்தம் வரத் தட்டுவது அதற்கும் மேலே. நியூசிலாந்தின் மலிகன் முறையில் சிகிச்சை செய்பவர் மூட்டைப் பிடித்துக்கொடுக்க, நீங்களே கையையோ காலையோ அசைப்பீர்கள். அப்போது நோ வரக்கூடாது என்பதுதான் அந்த முறையின் விதி. வந்தால் பிடி பிழை, மாற்றவேண்டும். தசையைச் சுற்றியுள்ள உறையை மெதுவாக இழுத்து, இளகும் வரை காத்திருக்கும் முறையும் உண்டு. பார்க்கிறவருக்கு, "இவர் ஒன்றும் செய்யவில்லையே" என்றுதான் தோன்றும். கூட வந்த மாமி அப்படிச் சொல்லவும் சொல்லுவா.

நம் சனத்துக்கு இங்கேதான் நம்பிக்கை வருவதில்லை. நோகச் செய்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. விலகின எலும்பை உள்ளே தள்ளுகிறார்கள் என்று நினைப்பதால் வருவது அது. சாதாரண நாரி நோவில் எலும்பு எங்கும் விலகிப் போவதில்லை. கை செய்வது வேறு வேலை. பாதுகாப்பான தொடுகையும் அசைவும் நரம்பு வழியே போய், காவலுக்கு இறுகி நிற்கும் தசையை விடச் சொல்கின்றன. நோ கொஞ்சம் தாழ்கிறது. அந்த இடைவெளியில் அசைக்கப் பயந்த இடத்தை அசைக்கலாம். இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் சில மணித்தியாலமோ சில நாளோதான் நிற்கும். அதற்குள் பயிற்சி தொடங்கவில்லை என்றால் பிடிப்பு பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016 இல் நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலும், கைமுறைச் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது, தனியாக அல்ல. ஆகவே கைமட்டும் வைத்துவிட்டு, "நாளைக்கும் வாங்கோ, பத்து நாள் செய்யவேணும்" என்று அனுப்புகிறவரைவிட, அரைவாசி நேரம் உங்களை எழுப்பி, குனிய வைத்து, பயிற்சி காட்டுகிறவர் மேல்.

நல்லவரை அறிய ஒரு சுலபமான வழி, கை வைக்கு முன் எவ்வளவு கேட்கிறார் என்று பார்ப்பதுதான். எப்போது தொடங்கியது, காலைக்குக் கூடவா இரவுக்குக் கூடவா, கால் விறைக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், நீரிழிவு உண்டா, எலும்புத் தேய்மானம் சொல்லியிருக்கிறார்களா, புற்றுநோய் வந்து மாறியதா. கேட்ட பிறகு நடக்கச் சொல்லிப் பார்ப்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார், முழங்காலில் தட்டிப் பார்ப்பார். இரத்தம் உறையாமல் மருந்து எடுக்கிறவர், எலும்பு மெலிந்தவர், கர்ப்பிணி என்றால் முறையையே மாற்றுவார். நுழைந்ததும் "படுங்கோ" என்கிறவரிடம், "ஒரு நிமிசம், நான் சொல்லவேண்டியது இருக்கு" என்று நீங்களே நிறுத்துங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பி முறிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிதுதான், ஆனாலும் அப்படித் திருப்பியதில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கைவைத்தியத்துக்கே போகக்கூடாத நோக்களும் உண்டு. மலம் சலம் கட்டுப்படாமல் போவது அல்லது சலம் போகாமல் அடைபடுவது, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் தொய்வது: இவை வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. காய்ச்சலோடு வரும் முதுகு நோ, காரணமில்லாமல் நிறை குறைவது, படுத்தாலும் விடாமல் இரவில் வதைக்கும் நோ, விழுந்தெழும்பிய பிறகு வந்த நோ இவற்றையும் முதலில் டொக்டர் பார்க்கட்டும்.

ஒழுங்கு செய்வது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரச இடங்களில் வைத்தியர் எழுதி அனுப்பிய பிறகுதான் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம். வரிசை இருக்கும். மூன்று கிழமை விடுமுறையில் வருகிறவர் உள்ளூர்ச் சனத்தின் வரிசையில் போய் நிற்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தனியாரிடம் போக வசதி இருந்தால் அங்கே போங்கள். பலர் பகலில் வைத்தியசாலையில் வேலை செய்துவிட்டு மாலையில் தனியாகப் பார்ப்பார்கள், ஆகவே நாலு மணிக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்கு வீட்டுக்கே வருகிறவர்களும் உண்டு. பயணச் செலவைச் சேர்த்துக் கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே பேசி முடியுங்கள். போயா நாளில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய கிழமையையும் கணக்கில் எடுக்காதீர்கள். முக்கியமாக, புறப்படுகிற கிழமைக்கு இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு பயிற்சி ஒத்துவருகிறதா என்று பார்க்கவே இரண்டு மூன்று சந்திப்பு வேண்டும்.

பெண்கள், பெண் சிகிச்சையாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இந்த ஊரில் அது எல்லாரும் கேட்பதுதான், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒருவர் அறைக்குள் இருக்கலாம். பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை, தூக்கக்கூடிய பஞ்சாபிக் காற்சட்டை வசதி. சேலையோடு போய் நாரியைக் காட்டுவது இரண்டு பேருக்கும் கஷ்டம். பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கையும் மருந்துப் பட்டியலும் கையில் இருக்கட்டும். படத்தைப் போனில் வைத்திருந்தாலும் அறிக்கைத் தாளைத்தான் அவர் முதலில் கேட்பார்.

சிகிச்சைக்கு நடுவே கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். தாராளமாகப் போங்கள். ஏழு கிணறும் வெவ்வேறு சூட்டில் இருக்கும், அள்ளித்தான் குளிக்கவேண்டும். வெந்நீர் இறுக்கத்துக்கு இதம். ஆனால் நீரிழிவால் கால் உணர்வு குறைந்தவர்கள் சூட்டைக் கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றவேண்டும், ஈரத்தரையில் வழுக்காமலும் பார்க்கவேண்டும். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏற்றம். முழங்கால் நோ உள்ளவர்கள் ஓட்டோவில் போய், மீதியை மட்டும் நடவுங்கள். மத்தியானக் கல்லுச் சூட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்து நாரியைப் பிடிக்க வைத்தவர்கள் ஏராளம்; காலைப் பூசைக்குப் போவது உத்தமம். நிலாவெளியில் நடப்பதென்றால் தண்ணீர் நனைத்து இறுகிய மணலில், போன பக்கமே திரும்பியும் வாருங்கள். சரிவில் ஒரே பக்கமாக நடந்தால் இடுப்பு ஒருபக்கம் இழுக்கும்.

கடைசிச் சந்திப்பில், உங்கள் போனில் நீங்கள் பயிற்சி செய்வதையே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், அவர் செய்வதை அல்ல. என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று அரைப்பக்கம் எழுதி வாங்கினால் நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள உங்கள் பிசியோ அதிலிருந்து தொடரலாம். பற்றுச்சீட்டில் அவருடைய பெயர், பதிவு இலக்கம், திகதி, சிகிச்சை எல்லாம் இருக்கட்டும். இலங்கையில் செய்த பிசியோதெரபிக்கு உங்கள் காப்புறுதி காசு தருமா என்பதை மட்டும் இங்கே வந்து யோசிக்காமல், விமானம் ஏறு முன் அவர்களிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.