உச்சந்தலையை மட்டும் காட்டும் கேமரா: வீட்டுக்கு சிசிடிவி நாமே பொருத்துவது எப்படி?

நான் முதன்முதலில் மாட்டிய கேமராவில் எல்லாமே தெரிந்தது. வாசல், தெரு, எதிர்ச்சுவர், கொஞ்சம் வானம்கூட. ஒருநாள் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள் காணாமல் போனது. ஓடிப் போய்ப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் வருகிறார், குனிகிறார், சைக்கிளோடு போகிறார். முகம் எங்கே? உச்சந்தலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கைக்கு எட்டாத உயரம்தான் பாதுகாப்பு என்று நினைத்து மாடிச்சுவரில் மாட்டியிருந்தேன்.

அந்தக் கேமராவைக் கழற்றி முதலிலிருந்து மறுபடி செய்தேன். அப்போது கற்றுக்கொண்டவைதான் இவை. டிரில் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

படி 1: கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

வீட்டின் வரைபடத்தைக் கோணல் மாணலாகவாவது வரைந்துகொள்ளுங்கள். கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். ‘வாசலில் நிற்பவர் யார்?’ என்பது ஒரு கேள்வி. ‘பின்பக்கம் யாராவது நடமாடுகிறார்களா?’ என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு முகம் வேண்டும், இரண்டாவதற்கு அசைவு தெரிந்தாலே போதும். ஒரே கேமராவிடம் இரண்டையும் கேட்டால் இரண்டுமே ஒழுங்காகக் கிடைக்காது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும் என்றது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பு. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25. சரி, 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதை 250-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7 மீட்டர். காட்சி அதைவிட அகலமாகப் போனால் அந்நியர் முகம் கைவிட்டுப் போகும்.

இனி லென்ஸ். வீட்டுக் கேமராக்களில் அதிகம் கிடைப்பது 2.8 மி.மீ. லென்ஸ். அது ஏறத்தாழ 100 டிகிரி பார்க்கும். அந்தக் கோணத்தில் 3 மீட்டரைத் தாண்டியதுமே காட்சியின் அகலம் 7.7 மீட்டரைத் தொட்டுவிடும். அதாவது, வாங்கும்போது ‘முழு வாசலும் தெரியுது’ என்று நாம் மகிழும் அதே லென்ஸ், நாலு எட்டுக்கு அப்பால் அந்நியர் யாரையும் அடையாளம் காட்டாது. 6 மி.மீ. லென்ஸ் 50 டிகிரி அளவுக்குத்தான் பார்க்கும், ஆனால் 8 மீட்டர் தூரம் வரை முகம் பிடிக்கும். என் வீட்டில் கேட்டுக்கு 6, பக்கவாட்டுச் சந்துக்கு 4, பின்பக்கத்துக்கு 2.8. மெகாபிக்சலைக் கூட்டுவதைவிட லென்ஸைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம் என்பேன்.

படி 2: டிவிஆரா, என்விஆரா?

இரண்டுமே கேமராப் படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் பெட்டிகள்தான். டிவிஆர் என்றால் டிவி கேபிள் மாதிரியான கோஆக்சியல் கேபிள், அதன் முனையில் பிஎன்சி கனெக்டர், கூடவே ஒவ்வொரு கேமராவுக்கும் 12 வோல்ட் கரண்ட் தனியாக. என்விஆர் என்றால் நெட்வொர்க் கேபிள். பிஓஇ வசதி உள்ளதாக எடுத்தால் படமும் கரண்டும் ஒரே கேபிளில் போகும். சுவருக்குள் ஏற்கெனவே கோஆக்சியல் ஓடுகிறது என்றால் டிவிஆர் வாங்குங்கள், சுவரை உடைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிஓஇ என்விஆர். பேட்டரியில் ஓடாத வைஃபை கேமராவுக்கும் கரண்ட் கேபிள் இழுத்தே ஆக வேண்டும் என்பதால் அதில் மிச்சமாகும் வேலை நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கேமராவும் ரெக்கார்டரும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் இரண்டிலும் ‘ஆன்விஃப்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பல கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி அது. மழை படும் இடத்துக்கு, தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி66 அல்லது ஐபி67 குறியீடு உள்ள கேமரா.

படி 3: எத்தனை நாள் பதிவு வேண்டும்?

ஒரு சின்னச் சூத்திரம்: கேமராவின் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு, எத்தனை மெகாபிட்டோ, அதை 10.8-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 4 மெகாபிட் என்றால் 43 ஜிபி. நாலு கேமராவுக்கு ஒரு நாளில் சுமார் 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பிவிடும். வீடியோவைச் சுருக்கும் முறையில் எச்.264-க்குப் பதில் எச்.265 போட்டு பிட்ரேட்டைப் பாதியாக்கினால் அதே டிஸ்க் இருபது நாளுக்கு மேல் தாங்கும். ஊருக்குப் போய்த் திரும்பும் நாட்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் கிடந்த டிஸ்க்கைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று சர்வெய்லன்ஸ் டிஸ்க்குகள் தனியாக வருகின்றன, அவற்றையே வாங்குங்கள்.

படி 4: சுவரைத் தொடாதீர்கள், மேஜையில் இணைத்துப் பாருங்கள்

ஆரம்பக்காரர்கள் பலரும் தாண்டிவிடும் படி இது. ரெக்கார்டரில் டிஸ்க்கைத் திருகிப் பூட்டி, எச்டிஎம்ஐ வழியாக டிவியோடு இணைத்து, எல்லாக் கேமராவையும் சின்னச் சின்ன கேபிளில் மேஜையிலேயே ஓடவிடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். பழுதான கேமராவை ஏணி மேல் நின்று கண்டுபிடிப்பதற்கு, மேஜையில் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

ஒரு குழப்பம் இங்கே வரும். என்விஆரின் பின்னால் உள்ள பிஓஇ போர்ட்டில் கேமராவைச் செருகினால், பெரும்பாலான என்விஆர்கள் அதற்குத் தாமே தனியாக ஒரு முகவரி கொடுத்துவிடும். அது வீட்டு ரவுட்டரின் பட்டியலில் தெரியாது. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். என்விஆர் திரையில் படம் வந்தால் எல்லாம் நலம்.

படி 5: கேபிள்

கேட்5இ அல்லது கேட்6 ரக நெட்வொர்க் கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் கிடைக்கும். பிஓஇ-க்கு அது ஆகாது. ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தால், கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கரண்ட் கூடுதலாகத் தேவைப்படும், மோசமான கேபிள் அப்போது கைவிரித்துவிடும்.

கனெக்டர் போடும் முன் ஒரு விஷயம். கேமராவோடு வரும் தண்ணீர்புகா மூடியை முதலில் கேபிளில் நுழைத்துவிடுங்கள். கிரிம்ப் செய்த பிறகு அது நுழையாது. மூன்று தடவை வெட்டிப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆர்ஜே45 என்ற அந்த கனெக்டரைக் கிளிப் அடிப்பக்கமாகவும், கேபிள் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி நுழையுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்காதீர்கள்.

படி 6: மாட்டும் இடம்

முகம் பிடிக்க வேண்டிய கேமராவுக்கு இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் போதும். அதற்கு மேலே போனால் என் உச்சந்தலைக் கதைதான். கிழக்கு மேற்காக நேரே பார்க்க வைத்தால் காலையோ மாலையோ சூரியன் உள்ளே வந்துவிடும். வேறு வழியில்லை என்றால், வெளிச்சமும் நிழலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவைக்கும் டபிள்யூடிஆர் வசதி உள்ள கேமரா வாங்கி, அதை ஆன் செய்யுங்கள்.

இரவுப் படம் வெளிறிப்போய் பனிமூட்டம் மாதிரி தெரிகிறதா? கேமராவுக்குப் பக்கத்திலேயே வெள்ளைச் சுவரோ கூரை விளிம்போ இருக்கும். இன்ஃப்ராரெட் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி லென்ஸில் விழுகிறது. சற்று முன்னால் தள்ளி மாட்டினால் சரியாகிவிடும். டோம் வகையில் கண்ணாடி மூடியில் கைரேகை பட்டாலும் இதே தொல்லைதான், துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

துளை போடும் முன், ஒருவர் கேமராவைக் கையில் பிடித்து நிற்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சொல்லட்டும். அடுத்த வீட்டு ஜன்னல் உள்ளே வந்தால் திருப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் பிரைவசி மாஸ்க் வசதி ரெக்கார்டரிலேயே இருக்கும்.

படி 7: ரெக்கார்டர் அமைப்புகள்

மெனுவில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் ஓவர்ரைட் ஆனில் இருக்கட்டும், இல்லையென்றால் டிஸ்க் நிரம்பிய அன்றோடு பதிவு நின்றுவிடும். நேர மண்டலத்தைச் சரிசெய்து, இணையத்திலிருந்து கடிகாரத்தைத் தானே சரிசெய்யும் என்டிபி-யை ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் தவறாகக் காட்டும் பதிவை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும். நான் அதைச் செய்வதில்லை. நாள் முழுக்கப் பதிவு, அசைவு வந்த நேரத்துக்கு அடையாளம்; தேடுவதும் சுலபம், எதுவும் விட்டும் போகாது. ரெக்கார்டரையும் ரவுட்டரையும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் செருகி, காற்றோட்டமுள்ள, சட்டென்று கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வரவேற்பறை டிவிக்குக் கீழே வைத்தால், வருகிறவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான்.

படி 8: போனில் பார்ப்பது

ரெக்கார்டரை ரவுட்டரோடு இணைத்து, திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டை அந்தக் கம்பெனியின் ஆப்பில் ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடும். அதற்கு முன்பே பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் ‘டைன்’ (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தீநிரலிடம் இருந்த ஆயுதம், கம்பெனி கொடுத்து அனுப்பும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சம் கொண்ட ஒரு பட்டியல்தான்.

நீளமான பாஸ்வேர்டு போடுங்கள். யாராவது ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொன்னால், அதாவது வெளி இணையத்திலிருந்து ரெக்கார்டருக்கு நேரே வழி திறக்கச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் உள்ளே ஓடும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் வந்தால் போட்டுவிடுங்கள். வீட்டார் பார்க்க, மாற்றும் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுங்கள்.

படி 9: நீங்களே திருடனாகுங்கள்

இருட்டியதும் கேட்டிலிருந்து வாசல் வரை நடந்து வாருங்கள். தொப்பி போட்டு ஒரு தடவை, தலை குனிந்து ஒரு தடவை. அப்புறம் உள்ளே போய், நேரடிப் படத்தை அல்ல, பதிவைப் பாருங்கள். உங்கள் முகம் உங்களுக்கே தெரியவில்லை என்றால், கேமராவை இறக்குங்கள் அல்லது லென்ஸை மாற்றுங்கள். தெரிந்தால், அந்த இரண்டு நிமிடத்தை ஒரு பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். சில ரெக்கார்டர்களின் கோப்பு அவற்றின் சொந்த பிளேயரில் மட்டுமே திறக்கும். அவசரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி எப்போதாவது ஒரு கேமரா ராத்திரியில் ஓயாமல் எச்சரிக்கை அனுப்பினால் பதற வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டியிருக்கும். இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் அது ஆள் மாதிரி பளபளக்கும். ஒரு ஒட்டடைக்குச்சி போதும்.