டொமைன் சுவரின் கைத்தன்மையைக் கால்குலேட்டரில் கணக்கிடுவது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்திலும் முதுநிலை இயற்பியல் திட்டப்பணிக்காக மெல்லிய காந்தப் படலங்களை எடுத்துக்கொள்ளும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினியில் படலத்தின் நடத்தையைப் போலச்செய்து காட்டும் பாவனை (simulation) மென்பொருளை நிறுவுவதற்கு முன், ஒரு தாளையும் கால்குலேட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வரப்போகும் விடையின் பெரும்பகுதி தாளிலேயே வந்துவிடும்.

முதலில் ஒரு படம் வரையுங்கள். இடப்பக்கம் காந்தமாக்கல் மேல்நோக்கியும் வலப்பக்கம் கீழ்நோக்கியும் இருக்கட்டும். இப்படிக் காந்தமாக்கல் ஒரே திசையில் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு டொமைன். இடையில் அம்புகள் படிப்படியாகத் திரும்பும் குறுகிய பகுதியே டொமைன் சுவர். சுவரின் நடு அம்பு சுவரின் நீளவாக்கில் கிடந்தால் அது ப்ளாக் சுவர். சுவருக்குக் குறுக்காக, ஒரு டொமைனிலிருந்து மற்றொன்றை நோக்கி நின்றால் அது நேயெல் சுவர். நேயெல் சுவரின் நடு அம்பு இடப்புறமும் நோக்கலாம், வலப்புறமும் நோக்கலாம். எந்தப் புறம் என்பதே சுவரின் கைத்தன்மை, அதாவது அம்புகள் திரும்பும் சுற்று. அடுத்தடுத்த அணுக்களின் ஸ்பின்களை (நுண்காந்தங்களை) ஒரே திசையில் நிறுத்தப் பார்க்கும் சாதாரணப் பரிமாற்ற இடைவினைக்கு இவ்விரண்டும் ஒன்றே.

அந்தச் சமநிலையைக் குலைப்பதுதான் ஜியாலோஷின்ஸ்கி–மொரியா இடைவினை. 1950-களின் இறுதியில் ஜியாலோஷின்ஸ்கி சமச்சீர் அடிப்படையில் முன்வைத்த இதற்கு, 1960-இல் மொரியா ஸ்பின்-சுற்றுப்பாதை இணைப்பின் வழியாக நுண்ணிலை விளக்கம் அளித்தார். பிளாட்டினம் போன்ற கன உலோகத்தின் மேல் சில அணு அடுக்குகளே கொண்ட கோபால்ட் அமரும்போது, மேற்புறமும் கீழ்ப்புறமும் வெவ்வேறாக இருப்பதால் தலைகீழ்ச் சமச்சீர் உடைகிறது. அடுத்தடுத்த ஸ்பின்கள் ஒரே சுற்றில் திரும்புவது ஆற்றல் அளவில் மலிவாகிறது. தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாம் ஒரே புரியாகவும் வலம்புரி அபூர்வமாகவும் இருப்பதுபோல, இப்படலத்தின் சுவர்களும் ஒரே கையைத் தேர்ந்துகொள்கின்றன. பிளாட்டினம் அடியிலுள்ள கோபால்ட்டில் அது இடக்கை: மேல், இடம், கீழ், வலம், மீண்டும் மேல் என்ற வரிசையில் அம்புகள் சுழலும். உங்கள் படத்தில் இரண்டாவது சுவரையும் வரைந்து பாருங்கள். அதன் நடு அம்பு முதல் சுவரினதற்கு எதிராக அமைந்தால்தான் கை ஒன்றாகும்.

இனிக் கணக்கு. பிளாட்டினம்–கோபால்ட் பாவனைகளில் பலரும் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை: தெவிட்டு காந்தமாக்கல் மீட்டருக்கு 580 கிலோ ஆம்பியர், பரிமாற்ற மாறிலி மீட்டருக்கு 15 பிக்கோஜூல், அம்புகளைப் படலத்துக்குச் செங்குத்தாக நிறுத்தும் திசைச்சார்பு மாறிலி கன மீட்டருக்கு 0.8 மெகாஜூல். படலத்தின் தடிமன் 0.6 நானோமீட்டர் என்று கொள்வோம்.

படலத்தின் சொந்தக் காந்தப்புலம் அம்புகளைத் தளத்துக்குள் சாய்க்கப் பார்க்கும் ஆற்றல் கன மீட்டருக்கு 0.21 மெகாஜூல், அதைக் கழித்தால் நிகரத் திசைச்சார்பு 0.59 மெகாஜூல். இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் பின்வரும் எல்லாமே பிழையாகும். பரிமாற்ற மாறிலியை நிகரத் திசைச்சார்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுவரின் அகல அளவுரு சுமார் 5 நானோமீட்டர் வரும். எனவே பாவனையில் கட்டத்தின் பக்கம் 1 அல்லது 2 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது. பரிமாற்ற மாறிலியையும் நிகரத் திசைச்சார்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 4-ஆல் பெருக்கினால் சுவரின் ஆற்றல்: சதுர மீட்டருக்கு 11.9 மில்லிஜூல்.

இந்த ஆற்றலிலிருந்து, உகந்த கையுள்ள நேயெல் சுவருக்கு, இடைவினையின் வலிமையைக் குறிக்கும் ஜியாலோஷின்ஸ்கி மாறிலியின் 'பை' மடங்கு குறைகிறது. மாறிலி சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல் என்றால் சுவராற்றல் 8.8 அளவுக்கு இறங்கும். 3 என்றால் 2.5 ஆகும்; 3.8-ஐத் தாண்டினால் எதிர்க்குறி பெற்று, படலம் சுவர்களைத் தானே பெருக்கிக்கொண்டு வரிவரியாக மாறிவிடும்.

எத்தனை மாறிலி இருந்தால் ப்ளாக் சுவர் முழுதும் நேயெல் சுவராகும் என்பதே எனக்கு மிகவும் பயனுள்ள கணக்காகத் தோன்றுகிறது. தடிமன், 2-இன் இயல்மடக்கை, மேற்சொன்ன 0.21 மெகாஜூல் ஆகியவற்றைப் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, 'பை'யின் வர்க்கத்தால் வகுங்கள். விடை வெறும் 0.036 மில்லிஜூல்! ஆகவே நேயெல் சுவர் தென்பட்டது என்ற ஒன்றை வைத்துக்கொண்டு இடைவினை வலிமையானது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். 1 மில்லிஜூலில் நூறில் சில பங்கே சுவரைத் திருப்பப் போதும். இடைமுகத்தில் பிறப்பதால் இம்மாறிலி தடிமனுக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதையும், வேறு தடிமனுக்குக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலிமையை அறிய வேண்டுமானால், மாறிலியைக் காந்தமாக்கலாலும் அகல அளவுருவாலும் வகுத்து, சுவருக்குள் செயற்படும் புலத்தைக் காணுங்கள். 1 மில்லிஜூலுக்கு அது ஏறத்தாழ 340 மில்லிடெஸ்லா. ஆய்வகத்தில் வட்டமான குமிழ் டொமைனைச் செங்குத்துப் புலத்தால் விரிக்கும்போதே படலத்தின் தளத்திலும் ஒரு புலத்தைச் செலுத்தினால், அது ஒருபக்கமாக வீங்கும். சுவரின் வேகம் மிகக் குறையும் தளப் புலத்தை இந்த எண்ணோடு ஒப்பிடலாம். மிக மெதுவாக ஊர்ந்து நகரும் சுவர்களில் இந்த ஒப்பீடு எப்போதும் நேராகப் பொருந்துவதில்லை. அங்கே ஸ்பின் அலைகளில் ஒளி சிதறுவதை அளக்கும் பிரிலுவின் ஒளிச்சிதறல் அளவீட்டையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.