பழைய கடைக் கட்டடமா? மொட்டை மாடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பழைய வணிகக் கட்டடத்தைச் சோதிக்கப் போனால் பளபளப்பான முன்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், செல்போன் டவர் என்று பின்னால் ஏற்றிய பாரமெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த எடை எந்தத் தூண் வழியாக இறங்குகிறது என்று ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள், நடுவில் ஷோரூமுக்கு இடம் வேண்டுமென்று யாராவது தூணை எடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் இரண்டு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள், நான் இதை விடவே மாட்டேன்.

பூச்சில் தலைமுடி போல ஓடும் வெடிப்புக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். தூணில் கம்பி ஓடும் போக்கிலேயே நெடுக வெடித்து, துருக்கறை இறங்கி, சின்னச் சுத்தியலால் தட்டினால் ‘டொப் டொப்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கிறது என்று அர்த்தம். பீம் தூணோடு சேரும் இடத்தில் சாய்வாக வெடித்திருந்தால் இன்னும் மோசம், பூசி மறைக்க விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை உடனே கூப்பிடுங்கள்.

2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் இடிந்த ராணா பிளாசாவில் முந்தின நாளே வெடிப்பு தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடினார்கள், மேலே தையல் ஆலைகளுக்கு மட்டும் மறுநாள் ஆட்களை வரச் சொன்னார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.